அறுபதே போதும்!

பழைய புல்லட்டில் ஊர் சுற்றும் சுகம். அந்தச் சுகத்துக்கு இன்று வந்திருக்கும் சோதனைகள்

கொல்லிமலை. முப்பத்து நான்காவது கொண்டை ஊசி வளைவு. காலை ஆறரை மணி.

காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு ஏறத் தொடங்கியபோது ஒழுங்காக ஓடிய வண்டி, அந்த வளைவில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. ஸ்டாண்டு போட்டேன். காடு ஓசையின்றி இருந்தது. சூடான இன்ஜின் ஆறும்போது வரும் ‘டிக்... டிக்’ மட்டும் கேட்டது. கீழே நாமக்கல் பக்கத்துச் சமவெளி பனிமூட்டத்துக்குள் கிடந்தது.

மேலிருந்து எக்ஸ்எல் வண்டியில் இரண்டு பலாப்பழங்களைக் கட்டிக்கொண்டு ஒரு விவசாயி இறங்கி வந்தார். வண்டியைப் பார்த்ததும் நிறுத்தினார்.

“என்ன சார், பாயிண்டா?”

“அப்படித்தான் தெரியுதுங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பார்த்திருக்கணும். விட்டுட்டேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். வலப்பக்கம் இருக்கும் சிறு மூடியைக் கழற்றினேன். மின்பொறிக்கான தொடுப்பைத் திறந்து மூடும் பாயிண்டின் இரு முனைகளும் கருத்திருந்தன. தீப்பெட்டியின் உரசும் பட்டையைக் கிழித்து, நடுவில் விட்டு நான்கு இழுப்பு. பிறகு என் விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளியைச் சரிபார்த்து, திருகை முடுக்கினேன். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கிக்கரை மிதித்தேன். ‘தட்... தட்... தட்’ என்று அது பேசத் தொடங்கியதும் அந்தப் பெரியவரின் முகத்தில் வந்த சிரிப்பு, என் முகத்தில் வந்ததைவிடப் பெரிது. “எங்க ஊர் பிரசிடென்ட் வெச்சிருந்தாரு. அவரு மலை ஏறும்போதே சத்தத்துல தெரிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

நாற்பது வயது மோட்டார் சைக்கிளை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். என்ன கெட்டது என்று எனக்குத் தெரிந்தது. வழியில் போனவருக்கும் தெரிந்தது. சரிசெய்ய ஒரு தீப்பெட்டி போதுமாக இருந்தது.

ரெட்டிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இந்த வண்டியின் பூர்வீகம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரம். ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல் வந்தது. ‘புல்லட்’ என்ற பெயர் 1932-ல் சூட்டப்பட்டது. நாடு விடுதலை அடைந்த பிறகு, எல்லைக் காவலுக்குத் தாங்கக்கூடிய வண்டியைத் தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவைதான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தையும் ரெட்டிச்காரர்களையும் ஒன்றுசேர்த்தது. ‘என்ஃபீல்டு இந்தியா’ பிறந்தது. வடசென்னையின் திருவொற்றியூரில் வண்டிகள் பூட்டப்பட்டன. சில ஆண்டுகளில் உதிரிப் பாகங்களும் இங்கேயே தயாராயின.

அதன் பிறகு நடந்ததுதான் வியப்பு. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் இந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. திருவொற்றியூரோ அதே வடிவத்தை விடாமல் செய்துகொண்டிருந்தது. 1977-ல் மெட்ராஸ் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகத் தொடங்கின. தாய்வீட்டில் அணைந்துபோன அடுப்பை, வாழ்க்கைப்பட்ட ஊரில் அணையாமல் காத்தவர்கள் வடசென்னைத் தொழிலாளர்கள். டேங்கின் மீதுள்ள பொன்னிறக் கோடுகளைக்கூட அவர்கள் அச்சு ஏதுமின்றித் தூரிகையால், கைப்பழக்கத்திலேயே இழுத்தார்கள்.

1994-ல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு முழுதாக வந்தது. இருபத்தாறு வயது சித்தார்த்த லால் 2000-ல் பொறுப்பேற்றார். இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அமைந்த புதிய இன்ஜின் 2008-க்குப் பிறகு படிப்படியாக வந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய இன்ஜின் அத்துடன் விடைபெற்றது. இந்தக் கட்டுரை பேசுவது விடைபெற்ற அந்த வண்டியைப் பற்றித்தான்.

| எண்களில் பழைய புல்லட் 350 |
|---|
| இன்ஜின்: 346 சிசி, ஒற்றைச் சிலிண்டர். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மி.மீ. |
| திறன்: 18 குதிரைத்திறன். |
| கியர்: நான்கு, வலக்காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பின் பிரேக் இடக்காலில். |
| எடை: 160 கிலோவுக்கு மேல். |
| பிரேக்: முன்னும் பின்னும் டிரம். |

முள் நடுவில் நிற்கும்போது

இந்த வண்டியை எழுப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. சாவியைப் போட்டதும் ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள ஆம்ப் மீட்டரின் முள் இடப்பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அது கல்லாக மறுக்கும். முள் நடுவுக்கு வந்து நிற்கும். பாயிண்ட் திறந்திருக்கிறது, பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்பது அதன் பொருள். இப்போது இடக்கையருகே உள்ள டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியே விட்டு, கிக்கரை ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே நீள மிதி. பிடித்துக்கொள்ளும்.

பலம் இதற்குத் தேவையில்லை. மெலிந்த உடல்வாகு உள்ள பெண்கள் ஒரே மிதியில் எழுப்புவதைப் பார்த்திருக்கிறேன். முள்ளைப் பார்க்காமல், பலத்தை மட்டும் நம்பி ஏறி மிதிக்கும் பயில்வானைக் கிக்கர் திருப்பி அடித்ததையும் பார்த்திருக்கிறேன். என் வலது கணுக்காலில் இருக்கும் தழும்பு பத்தொன்பது வயதில் நான் காட்டிய அவசரத்தின் கணக்கு.

பழைய வண்டியின் ஆனந்தம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. டேப்பட் தளர்ந்தால் தையல் மிஷின்போலச் சத்தம் வரும். செயின் தொய்ந்தால் கியர் மாற்றும்போது கால் உணரும். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் கலந்தால், ஆக்ஸிலேட்டரை விடும்போது சைலன்ஸரில் வெடிக்கும். பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்துவிடும்: கருத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, செங்கல் பழுப்பாக இருந்தால் நலம். நாடி பிடிக்கத் தெரிந்த வைத்தியருக்கு உடம்பு பேசுவதுபோல, பழகியவரிடம் இந்த இன்ஜின் பேசுகிறது.

அந்தச் சத்தத்துக்கும் காரணம் உண்டு. விட்டத்தைவிட ஏறி இறங்கும் தூரம் நீளம்; உள்ளே சுழலும் ஃபிளைவீல் கனம். ஒருமுறை உந்திவிட்டால் அந்தக் கனமே அடுத்த வெடிப்பு வரைக்கும் வண்டியை இழுத்துச் செல்லும். ஆகவே இன்ஜின் வேகமாகச் சுழல வேண்டியதில்லை. ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அந்தத் தாளத்தை நிறுவனம் கொடுத்த சைலன்ஸரிலேயே கேட்க வேண்டும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, தெருவே அதிரும் குழாயைப் பூட்டிக்கொள்பவர்கள் இந்த வண்டியின் மீது உள்ள அன்பால் அதைச் செய்யவில்லை. குழந்தை தூங்கும் வீடும் நோயாளி படுத்திருக்கும் வீடும் உள்ள தெருவில் அது கொடுமை. சட்டப்படி குற்றமும்கூட.

வேகம் வழியைத் தீர்மானிக்கும்

ஒவ்வொரு பழைய புல்லட்டுக்கும் பிடித்த வேகம் ஒன்று உண்டு. என் வண்டிக்கு அது 55-க்கும் 60-க்கும் இடையில். அங்கே இன்ஜின் முனகாது, கைப்பிடி நடுங்காது, கண்ணாடியில் பின்னால் வருபவரின் முகம் தெளிவாகத் தெரியும். எழுபதைத் தாண்டினால் உள்ளங்கையில் எறும்பு ஊரும். எண்பதில் ஏதாவது ஒரு நட்டு கழன்று விழும்.

இந்த வேகத்தில் நான்குவழிச் சாலை நரகம். லாரியும் ஆம்னி பஸ்ஸும் உரசிக்கொண்டு போகும். டிரம் பிரேக்கை நம்பி அங்கே ஓட்டக்கூடாது, ஓட்டவும் பிடிக்காது. அதனால் வழி மாறுகிறது. சென்னையிலிருந்து கொல்லிமலைக்கு நான் போவது திண்டிவனத்தில் பிரிந்து செஞ்சி வழியாக. பாறைகளை அடுக்கி வைத்ததுபோன்ற செஞ்சிக் குன்றுகளை அறுபதில் கடக்கும்போது கோட்டைச் சுவர் மலைமேல் ஏறி இறங்கும் ஒவ்வொரு வளைவும் தெரிகிறது. திருவண்ணாமலையில் காலைச் சிற்றுண்டி. செங்கம், ஊத்தங்கரை, அரூர். அங்கிருந்து சேலத்துக்கு மஞ்சவாடிக் கணவாய் வழியாக ஒரு சாலை. மறுநாள் ராசிபுரம், பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. காரில் ஒரு பகலில் முடிகிற பயணத்தை நான் இரண்டு நாளாக்கிக்கொள்கிறேன். அந்தக் கூடுதல் நாளில்தான் ஊர்களின் பெயரும் அங்கே விளைவதும் எனக்குப் பழக்கமாயின. அரூர்ப் பக்கம் புளியம்பழம் உலுக்கும் மாதம் எது என்று தெரியும். பேளுக்குறிச்சிச் சாலையில் எந்தத் திருப்பத்தில் மலை முழுதாக எதிரே வந்து நிற்கும் என்று தெரியும்.

புதிய வண்டிகளை நான் குறைசொல்லவில்லை. இன்று ஷோரூமில் நிற்கும் 350 சிசி வண்டிகள் நன்றாக நிற்கின்றன, நன்றாக ஓடுகின்றன. மழையிரவில் மனைவி மக்களுடன் போக வேண்டுமென்றால் ஏபிஎஸ் உள்ள வண்டியைத்தான் நானும் எடுப்பேன். பழைய வண்டியை ஓட்டுபவர் அதன் குறையைத் தன் கவனத்தால் ஈடுகட்ட வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கு இரண்டு மடங்கு இடைவெளி. இருட்டுவதற்குள் ஊர் சேர்வது. இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுச் சூடாக்காமல், ஏறிய கியரிலேயே இறங்குவது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் என்னைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது முதல், இரண்டாம் கியர்களில் இன்ஜின் பிடிக்கும் பிடிதான்.

வேப்பமரத்தடி வைத்தியர்

இந்த ஆனந்தம் தனியொருவர் சொத்தில்லை. எங்கள் பேட்டையில் ஒரு வேப்பமரத்தடி ஒர்க்‌ஷாப். முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே, அறுபதைத் தாண்டியவர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே, “தம்பி, புஷ்ராடு தளர்ந்திருக்கு” என்பார். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இன்ஜின் மீதும் மறுமுனையைத் தன் காதெலும்பின் மீதும் வைத்துக் கேட்பார். பிஸ்டனைக் கழற்றினால் கீறலை விரல் நகத்தால் தடவிப் பார்த்தே, சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டுமா, வேண்டாமா என்று முடிவு சொல்வார்.

அவரிடம் வேலை பழக இப்போது ஆள் இல்லை. கடைசியாக இருந்த பையன் ஷோரூம் வேலைக்குப் போய்விட்டான். அவன்மீது பிழையில்லை; மாதச் சம்பளமும் சீருடையும் மரியாதையும் அங்கே கிடைக்கின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் போய், எலெக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்துவிட்டது. அவன் கற்கும் பாடம் லேப்டாப்பைப் பொருத்திப் பிழை எண்ணைப் படிப்பது. பாயிண்ட் இடைவெளியைத் தொட்டே பார்க்காத தலைமுறை வந்துவிட்டது. பெரியவருக்குப் பிறகு அந்த மரத்தடியில் யார் உட்காருவார்கள் என்ற கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்க மனம் வரவில்லை.

உதிரிப் பாகங்களின் கதையும் இதுவே. சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடினால் கிடைக்காத பழைய சாமான் இல்லை என்பது பொதுவாக உண்மை. ஆனால் கிடைப்பதன் தரம் ஒரே சீராக இல்லை. மலிவான பாயிண்ட் செட் ஒரு பயணத்துக்குள் தேய்ந்துவிடுகிறது. மலிவான கிளட்ச் பிளேட் மேட்டில் வழுக்குகிறது. அதனால் தெரிந்தவர்கள் பழைய நல்ல சாமானை எறிவதில்லை. எண்ணெய் தடவி, பழைய நாளிதழில் சுற்றி வைத்துக்கொள்கிறார்கள். என் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின் நிறைய அப்படி இருக்கிறது.

| வாங்கும் முன் |
|---|
| இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சேசிஸ் எண்ணைச் சுரண்டி அடித்த அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். |
| இன்ஜின் ஆறிய நிலையில்தான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். முன்பே சூடேற்றி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். |
| ஆயில் கசிவு சிறிதளவு இருப்பது இந்த வண்டியின் சுபாவம். சைலன்ஸரில் நீலப்புகை வந்தால் உள்ளே செலவு காத்திருக்கிறது. |
| தொலைதூரம் போகும்போது பையில்: கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பாயிண்ட், கன்டென்சர், பிளக், செயின் லாக், டியூப், இவற்றைக் கழற்றிப் பூட்ட ஸ்பானர்கள். |

டேங்குக்குள் வந்த புது விருந்தாளி

இப்போது பழைய வண்டிக்காரர்கள் இருவர் சந்தித்தால் முதல் பேச்சு பெட்ரோலைப் பற்றித்தான். 20 விழுக்காடு எத்தனால் கலந்த ‘இ-20’ பெட்ரோல் நாடெங்கும் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. 2030-க்கு என்று முதலில் வைத்திருந்த இலக்கை அரசு முன்னே இழுத்து, 2025-லேயே எட்டியது. கலப்பு குறைந்த பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. இறக்குமதி எண்ணெய் குறைகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு வருமானம் வருகிறது என்ற வாதங்கள் பொய்யில்லை. ஆனால் 1980-களில் செய்த வண்டி இந்த எரிபொருளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல.

எத்தனால் ஒரு சாராயம். அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் டேங்கின் அடியில் நீர் பிரிந்து தங்கும். இரும்பு டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். பல ஆண்டுகளாக டேங்கின் சுவரில் படிந்திருந்த கசடை அது கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரின் ஊசித்துளை ஜெட்டில் அடைக்கும். பழைய ரப்பர்க் குழாயை ஊதிப்போகச் செய்து, பிறகு வெடிக்க வைக்கும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட எத்தனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. மைலேஜ் இறங்குவது இதனால்தான். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை வறண்டு, இன்ஜின் கூடுதலாகச் சூடாகும்.

அதற்காகப் பயந்து விற்றுவிட வேண்டாம். எங்கள் பெரியவர் சொன்னபடி நான் செய்தவை இவ்வளவுதான்: எத்தனால் தாங்கும் புது ரப்பர்க் குழாய்; கார்புரேட்டரில் ஓரளவு பெரிய மெயின் ஜெட்; டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் ஒரு வடிகட்டி. இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை இன்ஜினை ஓட விடுவது. எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுப்பது.

இருந்தாலும் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. இந்த ஏற்பாடுகளைத் தெரிந்துகொள்ள மரத்தடிப் பெரியவர் எனக்கு இருக்கிறார். அப்பா விட்டுப்போன வண்டியை ஏதோ ஒரு சிற்றூரில் வைத்திருக்கும் இளைஞனுக்கு யார் சொல்வது? பங்க்கில் இதற்கென்று ஓர் அறிவிப்புப் பலகை வைத்தால்கூட ஆயிரம் டேங்குகள் பிழைக்கும்.

வயதுக்கு ஒரு கட்டணம்

தனிப்பட்ட வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டுகள். அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிளுக்கு 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ஆயிற்று. 20 ஆண்டைக் கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. பசுமை வரி தனி. தலைநகர் டெல்லியில் பல ஆண்டுகளாக நடக்கும் பழைய வாகனத் தடைச் சண்டை தமிழ்நாட்டுக்கு வரவில்லை. இங்கே சோதனையில் தேறினால் ஓட்டலாம்.

50 ஆண்டைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவுசெய்ய 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது; கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. என் வண்டிக்கு இன்னும் பத்தாண்டில் அந்தத் தகுதி வரும். நான் அதற்கு விண்ணப்பிக்க மாட்டேன். ஓடாத புல்லட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பலர் கோட்டைவிடுவது இன்னோர் இடத்தில். உரிமையாளர் இறந்துவிட்டால் வண்டியை வாரிசின் பெயருக்கு மாற்ற படிவம் 31 இருக்கிறது. இறந்த 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் யாருக்கும் இது நினைவு வராது. சில ஆண்டு கழித்துப் புதுப்பிக்கப் போகும்போது, ‘உரிமையாளர் எங்கே?’ என்று கேட்பார்கள். அப்போது வாரிசுச் சான்றிதழுக்கு அலைவதற்குள் பாதிப் பேர் வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

எங்கள் வண்டி அப்பா 1986-ல் வாங்கியது. டேங்கில் அன்று ‘ராயல்’ கிடையாது, ‘என்ஃபீல்டு’ மட்டும். அவர் போன பிறகு படிவம் 31-ஐ நிரப்பியது நான்தான். இந்த ஆண்டு ஆறாவது முறையாகப் புதுப்பிக்கக் கொண்டுபோனேன். ஆய்வாளர் பிரேக்கையும் விளக்கையும் ஹாரனையும் பார்த்தார். பிறகு சேசிஸ் எண்ணின் மீது வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துத் தரச் சொன்னார். குனிந்து தேய்த்தேன். கருமைக்குள் எண்கள் ஒவ்வொன்றாக வெண்மையாக எழுந்து வந்தன. முதல் தாளில் கடைசி எண் சரியாக விழவில்லை என்று இரண்டாவது தாளில் எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தின் உறையைப் பிரித்தேன். அதற்குள் மடித்துவைத்த ஒரு சின்னத் தாள், 2001-ல் முதல் புதுப்பிப்புக்கு அவர் தேய்த்து எடுத்தது. அதிலும் கடைசி எண் சரியாக விழவில்லை. என்னுடைய வீணான தாளை அதன் பின்னால் வைத்து, உறையை மூடினேன்.